ஹார்ட் டிஸ்க்கின் உண்மை வேகம்: லினக்ஸில் கண்டுபிடிப்பது எப்படி

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டால் ராம் போதவில்லை என்று சொல்வதுதான் வழக்கம். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். ராம் விற்பது சுலபம். ஆனால் ஒரு கோப்பைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது, நகலெடுக்கும்போது பச்சைக் கோடு நின்று நின்று நகர்கிறது, அந்த நேரத்தில் மவுஸும் உறைந்துவிடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கையும் அதற்குப் போகும் கேபிளையும். இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். தேவையான தகவலில் பெரும்பகுதி ஏற்கெனவே கெர்னலிடம் இருக்கிறது.

வேலையில் இறங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிஸ்க்கின் வேகம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு வேகங்கள் கலந்திருக்கின்றன. மதர்போர்டும் டிஸ்க்கும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்ட இணைப்பு வேகம் முதலாவது. சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படித்து வெளியே தள்ளும் வேகம் இரண்டாவது. கடைசியில் உங்கள் கோப்புக்குக் கிடைக்கும் வேகம் மூன்றாவது. டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் 6 ஜிகாபிட், முதலாவதைத்தான் சொல்கிறது. சாட்டா இணைப்பில் ஒரு பைட்டை அனுப்ப 10 பிட் செலவாகும். ஆகவே விநாடிக்கு 6 ஜிகாபிட் என்பது 600 மெகாபைட். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் நல்ல டிஸ்க்கே 150 முதல் 220 மெகாபைட் வரைதான் படித்துத் தரும். நான்கு வழிச் சாலை போட்டாலும் மாட்டு வண்டி மாட்டு வண்டியின் வேகத்தில்தான் போகும். இது புரிந்துவிட்டால், தேவையில்லாமல் மதர்போர்டு மாற்றும் செலவு மிச்சம்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். 'டீ' என்று நீட்டி எழுதியிருந்தால் ஆங்கில வரிசையில் 20வது எழுத்து, 'டி' என்று குறுக்கியிருந்தால் 4வது எழுத்து. எச்டிபார்ம் என்பது ஹார்ட் டிஸ்க் பாராமீட்டரின் சுருக்கம், ஸ்மார்ட்சிடீஎல் என்பது ஸ்மார்ட் கண்ட்ரோலின் சுருக்கம். இவற்றை மனதில் வைத்தால் எழுத்துப் பிழை வராது. உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருப்பவர்கள் எச்டிபார்ம், ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இரண்டு பொதிகளையும் ஏபிடீ மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டும் சிறியவை.

எந்த டிஸ்க், எந்த வழியில்?

முதலில் கணினியில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்:

எல்எஸ்பிஎல்கே -டி -ஓ நேம்,ரோடா,ட்ரான்,சைஸ்,மாடல்

டிஸ்க்குக்கு ஒரு வரி வரும். ரோடா என்ற பத்தியில் 1 இருந்தால் சுழலும் டிஸ்க், 0 இருந்தால் எஸ்எஸ்டி. ட்ரான் பத்தியில் சாட்டா, யுஎஸ்பி, என்விஎம்இ என்று இணைப்பின் வகை வரும். பெயர்ப் பத்தியில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இருப்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைத் தப்பாகத் தட்டினால் தப்பான டிஸ்க்கை அளப்போம்; அது பரவாயில்லை. எழுதும் சோதனையில் தப்பாகத் தட்டினால் டிஸ்க்கே காலியாகிவிடும். யுஎஸ்பி வழியாக மாட்டிய டிஸ்க்கை ரோடா சில நேரம் தவறாகக் காட்டும். நடுவில் இருக்கும் மாற்றிச் சிப் உண்மையை மறைத்துவிடுவதுதான் காரணம்.

கெர்னலின் நாட்குறிப்பு

கணினி தொடங்கும்போது ஒவ்வொரு டிஸ்க்கோடும் கெர்னல் பேசி, எந்த வேகத்தில் பரிமாறுவது என்று முடிவு செய்து, அதை எழுதியும் வைக்கிறது. அதைப் படிக்கும் கட்டளை டிமெசெஜ். டி, எம், இ, எஸ், ஜி என்று 5 எழுத்து.

சூடோ டிமெசெஜ் | கிரெப் -ஐ ஏடீஏ

'டேட்டா' என்ற சொல் உள்ள வரிகளும் இதில் சேர்ந்து வந்து விழும்; அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டு வகை வரிகள். ஒன்று, 'ஏடீஏ1: சாட்டா லிங்க் அப் 6.0 ஜிபிபிஎஸ்' என்பது போல இருக்கும். அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எஸ்ஸ்டேட்டஸ் 133 என்று 3 இலக்க எண் ஒன்று நிற்கும். அதன் நடு இலக்கம்தான் இணைப்பு வேகம்: 113 என்றால் 1.5 ஜிகாபிட், 123 என்றால் 3, 133 என்றால் 6. முதல் வரியில் எழுத்தாக இருப்பதை எண்ணாகவும் சரிபார்த்துக்கொள்ள இது உதவும்.

இன்னொரு வரி 'கான்ஃபிகர்ட் ஃபார் யுடிஎம்ஏ/133' என்று சொல்லும். பலரைப் பதற வைப்பது இந்த வரிதான். 133 மெகாபைட்டில் டிஸ்க் முடங்கிக் கிடக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். சாட்டா டிஸ்க்கில் அந்த எண்ணுக்கு நடைமுறை அர்த்தம் இல்லை. பழைய ஏடீஏ கட்டளைத் தொகுப்பு அப்படியே தொடர்வதால் அந்த வரியும் தொடர்கிறது. விநாடிக்கு 540 மெகாபைட் படிக்கும் எஸ்எஸ்டிக்கும் கெர்னல் யுடிஎம்ஏ/133 என்றே எழுதும்.

ஏடீஏ1, ஏடீஏ2 என்று கெர்னல் எழுதுவதில் எது உங்கள் எஸ்டிஏ என்று தெரிய வேண்டுமானால் 'எல்எஸ் -எல் /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ' என்று தட்டுங்கள். வரும் நீண்ட பாதையின் நடுவே அந்த ஏடீஏ எண் இருக்கும்.

எல்லாம் 6.0 என்று வந்துவிட்டது என்பதால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். கணினி சில மணி நேரம் ஓடிய பிறகு, முடிந்தால் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்த பிறகு, அதே கட்டளையை மறுபடி தட்டுங்கள். காலையில் 6.0 என்று தொடங்கிய இணைப்பு மதியம் 'லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட் டு 3.0 ஜிபிபிஎஸ்' என்று இறங்கியிருக்கலாம். வழியில் தகவல் சிதைவதைக் கெர்னல் கண்டால் முதலில் இணைப்பை அறுத்து மறுபடி கோக்கும். 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று அப்போது எழுதும். திரும்பத் திரும்ப நடந்தால் வேகத்தை ஒரு படி இறக்கும். ஒவ்வொரு முறை அறுத்துக் கோக்கும்போதும் சில விநாடிகள் போகின்றன. திரை உறைவதும் கோடு நிற்பதும் அந்த விநாடிகளில்தான். 6 என்பது 3 ஆனதால் கணினி மந்தமாகவில்லை. சுழலும் டிஸ்க்குக்கு 3 ஜிகாபிட்டே தாராளம். நேரத்தைத் தின்பது நடுநடுவே இணைப்பை அறுத்துக் கோக்கும் வேலைதான்.

பட்டைக் கேபிள் காலத்துக் கணினிகள்

அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கேபிளோடு ஓடும் கணினிகள் இன்னும் சில அச்சகங்களிலும் பட்டறைகளிலும் இருக்கின்றன. பரிமாற்ற முறை என்ற பேச்சே அவற்றில்தான் பிறந்தது. பட்டைக் கேபிளில் ஓடும் ஐடிஇ டிஸ்க்கில் தகவலைக் கடத்த இரண்டு வழி. பிஐஓ முறையில் பிராசஸரே ஒவ்வொரு துண்டாக எடுத்து நினைவகத்தில் வைக்க வேண்டும். வேறு வேலை பார்க்க அதற்கு நேரம் இருக்காது. அதன் உச்சமான பிஐஓ 4 தருவது 16.7 மெகாபைட். டிஎம்ஏ முறையில் டிஸ்க் கட்டுப்பாட்டுச் சிப்பே நினைவகத்தில் நேரடியாக எழுதிவிடும். அதன் வேகமான வகையான அல்ட்ரா டிஎம்ஏ, 0 முதல் 6 வரை படி ஏறும்: 2வது படியில் 33, 4வது படியில் 66, 5வது படியில் 100, 6வது படியில் 133 மெகாபைட்.

1990களின் லினக்ஸில் பல கணினிகளில் டிஎம்ஏ அணைந்த நிலையிலேயே கிடக்கும். சில சிப்செட்டுகளில் அதை இயக்கினால் தகவல் கெட்டுப்போகும் என்ற பயம். மார்க் லார்ட் எழுதிய எச்டிபார்ம் புகழ்பெற்றது அப்போதுதான். '-டி1' என்று ஒரு விருப்பம் கொடுத்தால் டிஎம்ஏ இயங்கும், டிஸ்க் பல மடங்கு வேகமாகும். அந்தக் காலத்துக் கையேடுகள் எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும். இன்று அதைத் தட்டினால் 'இனாப்ரோப்ரியேட் ஐயாக்டில் ஃபார் டிவைஸ்' என்ற பிழைதான் வரும். பழைய ஐடிஇ இயக்கியின் இடத்தை லிப்ஏடீஏ என்ற இயக்கி பிடித்துக்கொண்டது. எச்டிஏ என்றிருந்த பெயர்கள் எஸ்டிஏ ஆயின. 2021இல் வந்த 5.14 கெர்னலிலிருந்து பழைய இயக்கியையே நீக்கிவிட்டார்கள். முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இப்போது லிப்ஏடீஏ தானே செய்கிறது, நம்மைவிட நன்றாகவே செய்கிறது.

அப்படியும் பழைய கணினியில் வேகம் குறைந்தால் கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் 40 துளைதான். ஆனால் பட்டைக்குள் ஓடும் கம்பிகள் 40ஆகவும் இருக்கலாம், 80ஆகவும் இருக்கலாம். நகத்தால் வருடினால் தெரியும்: 40 கம்பிக் கேபிளில் வரிகள் தடித்து இருக்கும், 80 கம்பிக் கேபிளில் மெல்லிசாக நெருங்கி இருக்கும். கூடுதலான 40 கம்பிகள் தகவல் கடத்துவதில்லை. ஒவ்வொரு தகவல் கம்பிக்கும் நடுவே தரைக் கம்பியாக ஓடி, ஒன்றின் சலனம் மற்றொன்றில் ஏறாமல் தடுக்கின்றன. அவை இல்லாவிட்டால் 33க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கெர்னலும் 'லிமிட்டெட் டு யுடிஎம்ஏ/33 டியூ டு 40-வயர் கேபிள்' என்று காரணத்தோடு எழுதிவைக்கும். 80 கம்பிக் கேபிளின் நீல முனை மதர்போர்டுக்குப் போக வேண்டும்.

டிஸ்க்கிடமே கேட்பது

சூடோ எச்டிபார்ம் -ஐ /டெவ்/எஸ்டிஏ

இங்கே ஐ பெரிய எழுத்து. நீளமான பட்டியல் வரும். அதில் டிஎம்ஏ என்று தொடங்கும் வரியில் டிஸ்க்குக்குத் தெரிந்த முறைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். இப்போது பயன்பாட்டில் உள்ளதன் முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். 'யுடிஎம்ஏ6' முன்னால் நட்சத்திரம் இருந்தால் சரி. பட்டியலின் மேற்பகுதியில் சுழற்சி வேகம் 7200 என்றோ 5400 என்றோ இருக்கும்.

கீழே ஜென்1, ஜென்2, ஜென்3 சிக்னலிங் ஸ்பீட் என்று 3 வரி வரும், மூன்றிலும் நட்சத்திரம் இருக்கும். இதை நம்பி இணைப்பு 6 ஜிகாபிட்டில் ஓடுகிறது என்று முடிவு செய்யாதீர்கள். அந்த வேகம் டிஸ்க்குக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அதன் பொருள். உண்மையில் ஓடும் வேகத்தை ஸ்மார்ட்சிடீஎல் ஒரே வரியில் சொல்லிவிடும்:

சூடோ ஸ்மார்ட்சிடீஎல் -ஐ /டெவ்/எஸ்டிஏ

இங்கே ஐ சின்ன எழுத்து. 'சாட்டா வெர்ஷன்' என்ற வரியில் டிஸ்க்கின் உச்ச வேகம் 6.0 என்றும், அதை அடுத்துக் கரண்ட் 3.0 என்றும் இருந்தால் வழியில் ஏதோ ஒன்று பாதி வேகத்தில்தான் விடுகிறது. உடனே கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். மதர்போர்டில் கேபிளை மாட்டும் துறையே மெதுவானதாக இருக்கலாம். 2011இல் வந்த இன்டெல் பி67, எச்67 சிப்செட்டுகளில் 6 சாட்டா துறைகள் உண்டு; அவற்றில் 2 மட்டும்தான் 6 ஜிகாபிட், மற்ற 4 துறைகளும் 3 ஜிகாபிட். மலிவு விலைக் கணினிகளில் நிறைய வந்த எச்61 சிப்செட்டில் 6 ஜிகாபிட் துறையே கிடையாது. அந்த போர்டில் எஸ்எஸ்டி மாட்டினால் 270 மெகாபைட் பக்கம்தான் வரும். அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. சுழலும் டிஸ்க்கிலிருந்து மாறியவருக்கு அதுவே பெரிய மாற்றம்.

அளந்து பார்ப்பது

திறந்திருக்கும் பிரவுசர், பாட்டு, டவுன்லோடு எல்லாவற்றையும் மூடிவிட்டு இதைத் தட்டுங்கள்:

சூடோ எச்டிபார்ம் -டீடீ /டெவ்/எஸ்டிஏ

முதல் டீ சின்னது, இரண்டாவது பெரியது. சில விநாடிகளில் இரண்டு வரி வரும். 'கேஷ்டு ரீட்ஸ்' என்ற வரியில் ஆயிரக்கணக்கில் ஒரு எண் இருக்கும். அது டிஸ்க்கின் வேகமே இல்லை. பிராசஸரும் ராமும் சேர்ந்து தரும் வேகம். 'பஃபர்டு டிஸ்க் ரீட்ஸ்' என்ற அடுத்த வரிதான் நமக்கு வேண்டியது. 558 மெகாபைட்டை 3.01 விநாடியில் படித்தேன், விநாடிக்கு 185 மெகாபைட் என்பது போல எழுதியிருக்கும்.

ஒரு தடவை அளந்ததை நம்பாதீர்கள். இரண்டு மூன்று தடவை அளந்து, எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை 180, மறுமுறை 60 என்று தாறுமாறாக வந்தால் பின்னணியில் வேறொரு நிரல் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அது யாரென்று ஐஓடாப் என்ற கருவி காட்டும். யாரும் இல்லாமலே எண் ஆடினால் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று எடுத்துக்கொண்டு, இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

எவ்வளவு வந்தால் நல்லது? மடிக்கணினியில் இருக்கும் 5400 சுற்று டிஸ்க் பொதுவாக 80 முதல் 130 வரை தரும். மேசைக் கணினியின் 7200 சுற்று டிஸ்க்குக்கு 120 முதல் 220 வரை. சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல் வர வேண்டும். எஸ்எஸ்டி 270இல் நின்றால் 3 ஜிகாபிட் துறை, 130இல் நின்றால் 1.5 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிட்ட இணைப்பு. வெளியே மாட்டிய டிஸ்க் 35இல் நின்றால் யுஎஸ்பி 2. பட்டைக் கேபிள் டிஸ்க் 30ஐத் தாண்ட மறுத்தால் 40 கம்பி. கொஞ்சம் பழகிவிட்டால் எண்ணைப் பார்த்ததுமே நோய் பிடிபடும்.

சுழலும் டிஸ்க்கில் இன்னொரு சங்கதி உண்டு. தட்டின் வெளிவட்டம் நீளமானது; ஒரு சுற்றில் அதிகத் தகவல் தலைக்கு அடியில் ஓடும். டிஸ்க்கின் தொடக்கம் வெளிவட்டத்தில்தான் இருக்கிறது. எச்டிபார்ம் வழக்கமாக அளப்பதும் அங்கேதான், அதாவது டிஸ்க்கின் மிக நல்ல முகத்தை. உள்வட்டத்தை அளக்க '--ஆஃப்செட் 900' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 900 ஜிபிபைட் தாண்டிப் போய் அளக்கும். 1 டெராபைட் டிஸ்க்கின் முழு அளவு 931 ஜிபிபைட் என்பதால் அது கிட்டத்தட்டக் கடைசி. முதலில் வந்ததில் ஏறக்குறைய பாதிதான் வரும். டிஸ்க் நிறைய நிறையக் கணினி மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதும் வேகத்தை அளக்க டிடி கட்டளை. இதில் ஐஎஃப் என்பது எடுக்கும் இடம், ஓஎஃப் என்பது கொட்டும் இடம். ஓஎஃப் பக்கத்தில் டெவ் எஸ்டிஏ என்று தட்டிவிட்டால் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். அதனால் உங்கள் சொந்த அடைவுக்குள் ஒரு சாதாரணக் கோப்பின் பெயரை மட்டும் கொடுங்கள்:

டிடி ஐஎஃப்=/டெவ்/ஜீரோ ஓஎஃப்=டெஸ்ட் பிஎஸ்=1எம் கவுன்ட்=2048 கன்வ்=எஃப்டேட்டாசிங்க்

1எம் என்பதில் எம் மட்டும் பெரிய எழுத்து. 2 ஜிபிபைட் கோப்பு ஒன்று உருவாகும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். கடைசியில் உள்ள எஃப்டேட்டாசிங்க் முக்கியம். அது இல்லாவிட்டால் தகவல் ராமுக்குப் போனதுமே வேலை முடிந்ததாக டிடி கணக்குச் சொல்லும். பழைய டிஸ்க் 1500 மெகாபைட் வேகத்தில் எழுதுகிறது என்று சிலர் பெருமைப்படுவது இப்படித்தான்.

இனி, எந்த முறையாலும் மாற்ற முடியாத ஒன்று. இதுவரை அளந்தது எல்லாம் வரிசையாகப் படிக்கும் வேகம். கணினி தொடங்கும்போதும் நிரல் திறக்கும்போதும் டிஸ்க் வரிசையாகப் படிப்பதில்லை. ஆயிரம் சின்னக் கோப்புகளைத் தேடி அங்கும் இங்கும் அலைகிறது. 7200 சுற்று டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கும். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி, 4.2. தலை நகர 8 முதல் 9. மொத்தம் 12 அல்லது 13 மில்லிவிநாடி. விநாடிக்கு 80 தடவைதான் தேட முடியும். ஒவ்வொரு தடவையும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்கு 320 கிலோபைட். மெகாபைட் இல்லை, கிலோபைட்! எஃப்ஐஓ என்ற கருவியில் ரேண்ட்ரீட் வகையைக் கொடுத்து அளந்தால் இந்த எண்ணை நேரிலேயே பார்க்கலாம். 6 ஜிகாபிட் கேபிளோ புது மதர்போர்டோ இதை அசைக்காது. இதற்கு மருந்து எஸ்எஸ்டி ஒன்றுதான். புதுக் கணினி வாங்க நினைப்பவர் முதலில் இருக்கும் கணினியில் ஒரு எஸ்எஸ்டி மாட்டிப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

பயாஸில் ஒரு சின்னத் திருத்தம்

கீழே உள்ள கோப்பைப் படித்துப் பாருங்கள்:

கேட் /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/கியூ_டெப்த்

31 அல்லது 32 வந்தால் நல்லது. பல வேண்டுகோள்களை ஒன்றாக வாங்கி, தலை அதிகம் அலையாதபடி வரிசை மாற்றிப் படிக்கும் என்சிகியூ வசதி வேலை செய்கிறது. 1 என்று வந்தால் பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்று இருக்கிறதா பாருங்கள். ஏஎச்சிஐ என்று மாற்றினால் சரியாகும். அதே கணினியில் விண்டோஸும் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் லினக்ஸ் பெரும்பாலும் சமாளித்து எழுந்துவிடும், விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும்.

யுஎஸ்பி, என்விஎம்இ

வெளி டிஸ்க்குக்கு 'எல்எஸ்யுஎஸ்பி -டீ' போதும். மரம் போல ஒரு படம் வரும். டிஸ்க் இருக்கும் கிளையின் முடிவில் 480எம் என்றால் யுஎஸ்பி 2, 5000எம் என்றால் யுஎஸ்பி 3. டிஸ்க் யுஎஸ்பி 3ஆக இருந்தும் 480எம் என்று வந்தால் துறையை மாற்றுங்கள். அப்படியும் வந்தால் கேபிளை மாற்றுங்கள். யுஎஸ்பி 3க்கான கூடுதல் கம்பிகளில் ஒன்று அறுந்தால் டிஸ்க் சத்தமில்லாமல் பழைய 4 கம்பியில் ஓடத் தொடங்கிவிடும்.

என்விஎம்இ வைத்திருப்பவர்கள் சிஸ் அடைவுக்குள் கிளாஸ், என்விஎம்இ, என்விஎம்இ0, டிவைஸ் என்று உள்ளே போய், கரண்ட்_லிங்க்_ஸ்பீட், கரண்ட்_லிங்க்_விட்த் என்ற இரண்டு கோப்புகளைப் படித்தால் போதும். 8.0 ஜிடீ, அகலம் 4 என்று வந்தால் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் முழு வழி, விநாடிக்கு ஏறக்குறைய 3.9 ஜிகாபைட். அகலம் 2 என்றால் அந்த எம்.2 இடத்துக்குப் போர்டில் 2 வழிதான் போட்டிருக்கிறார்களா என்று கையேட்டில் பாருங்கள்.

கேபிளா, டிஸ்க்கா?

பழைய கையேடுகளில் எச்டிபார்முக்குப் பெரிய எக்ஸ் விருப்பம் கொடுத்து, பரிமாற்ற முறையைக் கையால் ஏற்றச் சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். எச்டிபார்மின் சொந்தக் கையேடே அதை ஆபத்தானது என்கிறது. கெர்னல் முறையை இறக்கியிருந்தால் காரணம் இல்லாமல் இறக்கியிருக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்க, டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். இங்கே ஏ பெரிய எழுத்து:

சூடோ ஸ்மார்ட்சிடீஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ

199ஆம் எண் வரி யுடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுன்ட். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் எத்தனை தடவை சிதைந்தது என்ற கணக்கு அது. கடைசிப் பத்தியில் உள்ள எண்தான் முக்கியம். கேபிளை மாற்றினாலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பாது. பழைய கணக்கு அப்படியே நிற்கும். அதனால் எண்ணைக் குறித்து வைத்து, சில ஜிகாபைட் கோப்புகளை நகலெடுத்து, மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அது பழைய காயம். ஏறினால் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள், அடுத்து வேறு கேபிள் போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் வேறு துறையில் மாட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு எண்ணைப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாமலே போய்விடும். சாட்டா கேபிள் 1 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. முனையில் உலோகக் கொக்கி உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

மடிக்கணினியில் கேபிள் கிடைக்காவிட்டால் ஒரு தற்காலிக வழி இருக்கிறது. லினக்ஸைத் தொடக்கிவிடும் கிரப்பின் அமைப்பில் கெர்னல் வரியோடு 'லிப்ஏடீஏ.ஃபோர்ஸ்=3.0ஜிபிபிஎஸ்' என்று சேர்த்தால், இணைப்பு தொடக்கத்திலிருந்தே 3 ஜிகாபிட்டில் அமைதியாக ஓடும். இதில் ஜி மட்டும் பெரிய எழுத்து. சுழலும் டிஸ்க்குக்கு இதனால் நஷ்டமே இல்லை.

பழுது டிஸ்க்கில் இருந்தால் அடையாளம் வேறு. கெர்னல் நாட்குறிப்பின் பிழை வரிகளில் ஐசிஆர்சி என்று வந்தால் வழியில் கோளாறு, யுஎன்சி என்று வந்தால் தட்டிலேயே படிக்க முடியாத இடம். ஸ்மார்ட் பட்டியலில் 5ஆம் வரி, சீர்கெட்டதால் ஏற்கெனவே மாற்றிவைக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு; 197ஆம் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கு. 197இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, அது ஏறிக்கொண்டும் இருந்தால் எச்டிபார்ம், டிடி என்று எந்தச் சோதனையும் ஓட்டாதீர்கள். கணினியில் வேறு வேலையும் வேண்டாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். வேகத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.